குருளையர் ஏறும் படிகள்

குழந்தையின் வளர்ச்சியை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கவனித்தார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் நூல்களே சாட்சி. மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி என்று பருவம் பருவமாகப் பிரித்து, அந்த அந்தப் பருவத்துக்கு உரிய செய்கையை வைத்தே குழந்தையைக் கொண்டாடினார்கள். கையூன்றித் தலை நிமிர்த்தும் குழந்தையைப் பார்த்து, "நீ ஏன் இன்னும் சிறுதேர் உருட்டவில்லை?" என்று எந்தப் புலவரும் கேட்டதில்லை. செங்கீரைக்குச் செங்கீரையே பெருமை. சிறுதேருக்குச் சிறுதேரே பெருமை.

இந்தப் பெருந்தன்மையெல்லாம் குழந்தை பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் வரையில்தான். அதன் பிறகு நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: "எத்தனையாவது?" முப்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒருவன்தான் முதலாவதாக வர முடியும். மற்ற இருபத்தொன்பது குழந்தைகளும், தாம் செய்தது என்னவாயினும், ஏதோ குறைந்து போனவர்களாகவே வீடு திரும்புகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மதிப்பெண் கணக்கை எழுதி எழுதிக் கை சலித்தவர்கள் நாம். ஆகையால், ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளை வேறொரு முறையில் படிப்படியாக உயர்த்தும் ஓர் ஏற்பாட்டைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். சாரணர் இயக்கத்தில் இளையோர் பிரிவாகிய குருளையர் படைதான் அது.

வேலிக்கு வெளியே நின்ற தம்பிமார்

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரௌன்ஸீ என்னும் சிறு தீவில், சேனாதிபதி பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். மறு ஆண்டு அவர் எழுதிய நூல் வெளியாயிற்று. சாரணர் இயக்கம் காட்டுத் தீயைப் போலப் பரவியது. ஆனால் அது வளர்ந்த பையன்களுக்காக ஏற்பட்டது. அண்ணன் கழுத்துக்குட்டையும் கைத்தடியுமாக அணிவகுத்துப் போவதைப் பார்த்த தம்பி, வீட்டில் சும்மா இருப்பானா? "நானும் வருவேன்" என்று பின்னாலேயே ஓடினான். எட்டு வயதுப் பிள்ளையைப் பதினான்கு வயதுப் பிள்ளையோடு நடக்கவிட்டால் சிறியவனுக்கு மூச்சு வாங்கும். பெரியவனுக்குச் சலிப்புத் தட்டும். அவனுக்கென்று ஒரு தனிப் படை வேண்டும் என்பது விரைவிலேயே விளங்கிவிட்டது.

1916இல் 'ஓநாய்க் குருளையர்' என்ற பெயரில் அந்தப் படை தோன்றியது. அதற்கான கையேட்டை வீரா பார்க்ளே என்னும் மாதரசியின் உதவியோடு பேடன் பவல் எழுதினார். படைக்கு வேண்டிய கதையை அவர் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? நமது பாரத தேசத்துக் காட்டிலிருந்து! 1865இல் பம்பாயில் பிறந்தவர் ருட்யார்ட் கிப்ளிங். 1894இல் வெளிவந்த அவருடைய 'ஜங்கிள் புக்'கில், இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த சியோனிப் பக்கத்துக் காடுகளில் மௌக்லி என்ற பிள்ளையை ஓநாய்கள் வளர்க்கின்றன. கிப்ளிங்கின் ஏகாதிபத்திய எண்ணங்கள் நமக்கு உவப்பானவை அல்ல. ஆயினும், ஓநாய்க் கூட்டத்தின் தலைவனுக்கு 'அக்கேலா' என்றும், கரடிக்குப் 'பாலூ' என்றும் ஹிந்துஸ்தானிச் சொற்களையே அவர் பெயராக வைத்தார். ஆகவே லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள குழந்தைகள் தங்கள் தலைவரை இன்றும் 'அக்கேலா' என்றே அழைக்கிறார்கள்.

நம் தமிழில் இதற்கு வாய்த்த பெயர் மிகப் பொருத்தமானது. புலி, நாய், பன்றி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் 'குருளை' என்று பெயர் சொல்கிறார் தொல்காப்பியர். அந்தப் பழஞ்சொல் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் சீருடை அணிந்து நடமாடுவது நமக்கு மகிழ்ச்சியளிப்பதாகும்.

இரண்டு கண்கள்

முதற் குருளைப் படையில் படிகள் மிகச் சில. சேர்ந்தவுடன் பையன் 'இளம்பாதன்' ஆவான். இன்னும் காட்டில் ஓடிப் பழகாத மெல்லிய பாதம் உடையவன் என்று பொருள். பிறகு அவன் முதல் நட்சத்திரமும், அதன்பின் இரண்டாம் நட்சத்திரமும் பெற வேண்டும். ஓநாய்க் குட்டி பிறக்கும்போது கண் மூடியிருக்கும் அல்லவா? முதல் நட்சத்திரம் தொப்பியில் ஏறியதும் குருளைக்கு ஒரு கண் திறந்துவிட்டது என்று பொருள். இரண்டாவது ஏறியதும் இரு கண்களும் திறந்துவிட்டன. எட்டு வயதுக் குழந்தையின் மனத்தில் இது எப்படிப் பதியும் என்று எண்ணிப் பாருங்கள்! "நீ இரண்டாம் நிலைத் தேர்வில் தேறிவிட்டாய்" என்று சொல்வதற்கும், "உனக்கு இரண்டு கண்ணும் திறந்துவிட்டது" என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம்!

அந்தக் கண்ணைத் திறக்க அவர்கள் கேட்டது என்ன? குட்டிக்கரணம் போடுதல், பச்சைக்குதிரை தாண்டுதல், தலையில் சுமை வைத்துக் கை பிடிக்காமல் நிமிர்ந்து நடத்தல், கயிற்றில் ஓரிரு முடிச்சுகள் போடுதல், கடிகாரம் பார்த்து மணி சொல்லுதல், நகத்தையும் பல்லையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுதல். பிறகு, திசை அறிதல், சிறு காயத்துக்குக் கட்டுப் போடுதல், வாய்மொழியாகச் சொன்ன செய்தியைப் பிசகாமல் கொண்டு சேர்த்தல். இவற்றுள் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எட்டுவது என்று ஒன்றுமில்லை. பிள்ளைகள் தெருவில் தாமே விளையாடுவதையும், தாய் வீட்டில் தினமும் சொல்வதையும் ஓர் ஒழுங்கில் அமைத்தார்கள், அவ்வளவே.

சிங்கம் முதற்படிக்கு வந்த கதை

இந்தப் படிகளை வயதோடு மிக இறுக்கமாகப் பிணைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1930இல் அங்கே குருளையர் பிரிவு முறையாகத் தொடங்கியபோது, 9 வயதினர் ஓநாய், 10 வயதினர் கரடி, 11 வயதினர் சிங்கம் என்று வகுத்தார்கள். காலப்போக்கில் குழந்தைகள் மேலும் மேலும் இளவயதிலேயே சேரத் தொடங்கினார்கள். 1967இல் சிங்கம் ஏணியிலிருந்தே இறங்கிப் போயிற்று. 1982இல் புலி வந்தது. 2018இல் சிங்கம் மீண்டும் வந்தது; ஆனால் இம்முறை உச்சியில் அன்று, எல்லாவற்றுக்கும் கீழே, ஐந்து வயதுப் பாலர் வகுப்புக் குழந்தைக்கு அடையாளமாக! அதே ஆண்டில் பெண் குழந்தைகளுக்கும் கதவு திறந்தது. 2025 பிப்ரவரியில் அந்தச் சபை தன் பெயரில் இருந்த 'பையன்' என்ற சொல்லையே நீக்கி, 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' ஆயிற்று.

இன்று அங்கே பாலர் வகுப்புப் பிள்ளை சிங்கம். முதல் வகுப்புப் பிள்ளை புலி. இரண்டாம் வகுப்பு ஓநாய். மூன்றாம் வகுப்பு கரடி. நான்காம் வகுப்பு 'வெபெலோஸ்'. ஐந்தாம் வகுப்பு 'ஒளி அம்பு'. ஒவ்வோர் ஆண்டிலும் எட்டுச் 'சாகசங்கள்' முடிக்க வேண்டும். அவற்றுள் ஆறு எல்லோருக்கும் கட்டாயம்: படையின் நெறியை அறிதல், வெளியில் சென்று இயற்கையோடு பழகுதல், உடற்பயிற்சி, குடிமைக் கடமை, தற்காப்பு, குடும்பமும் பக்தியும். மற்ற இரண்டைக் குழந்தை தன் விருப்பம் போலத் தேர்ந்துகொள்ளலாம். 2024 ஜூன் முதல் எல்லாப் படிகளுக்கும் இதே அமைப்புத்தான். விஷயம் ஒன்றே, வயதுக்கு ஏற்ப ஆழம் மட்டும் மாறுகிறது.

இந்த ஏற்பாட்டில் நம் மனத்தைக் கவர்ந்த அம்சங்கள் இரண்டு. முதலாவது, ஒரு குழந்தை மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் அது நேரே கரடிதான். "நீ ஓநாயும் புலியும் ஆகவில்லையே, போய் முதலிலிருந்து தொடங்கு" என்று யாரும் சொல்வதில்லை. போன வருஷம் போனதுதான். இந்த வருஷத்து வேலையை இந்த வருஷம் செய். தாமதமாக வந்த குழந்தையைத் தன்னினும் சிறியவர் நடுவே உட்காரவைத்து அவமானப்படுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

இரண்டாவது அம்சம் பெற்றோரைப் பற்றியது. சிங்கமும் புலியும் தனியே வரக்கூடாது. தாயோ தந்தையோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ கூடவே வந்து, கூடவே இருந்து, எல்லாவற்றையும் சேர்ந்து செய்ய வேண்டும். ஓநாய்ப் பருவத்தில் அந்தப் பெரியவர் சற்று ஒதுங்கி நிற்கத் தொடங்குகிறார். ஒளி அம்புப் பருவத்துக்கு வரும்போது குழந்தைகள் தங்களுக்குள்ளேயே ஒருவனைத் தலைவனாகக் கொண்டு, சாரணர் அணியைப் போல நடந்து பழகுகிறார்கள். ஆகவே இந்த ஏணியில் ஏறுவது குழந்தை மட்டும் அன்று. குழந்தை ஒரு படி ஏறும்போது பெற்றோரும் தம் கைப்பிடியை ஒரு படி தளர்த்துகிறார்கள். முதல் நாளிலேயே கையை உதறிவிடுவதும் தவறு. பத்து வயதிலும் கையை விடாமல் இருப்பதும் தவறு. எப்பொழுது எவ்வளவு விடுவது என்பதே பெற்றோருக்குள்ள பெருங்கேள்வி. அதற்கு வயதுவாரியாக ஒரு விடை வகுத்துக் கொடுத்ததுதான் இந்தப் படிகளின் உண்மையான பயன் என்று நாம் கருதுகிறோம்.

அளவுகோல் எது?

குருளையரின் தாரக மந்திரம், 'உன்னால் முடிந்தமட்டும் செய்' என்பது. பேடன் பவல் காலத்திலிருந்து இன்றுவரை அது மாறவில்லை. பள்ளிக்கூடத் தேர்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தச் சொற்களில் அடங்கியிருக்கிறது. இவ்வளவு தூரம் தாண்டினால்தான் வெற்றி என்று கோடு கிழித்து வைப்பதில்லை. இந்தக் குழந்தை தன்னால் இயன்ற அளவு முயன்றதா என்பதே கேள்வி. கால் ஊனமுற்ற பிள்ளை பத்தடி நடந்ததும், துடியான பிள்ளை நூறு அடி ஓடியதும் ஒரே சின்னத்துக்கு உரியவை ஆகலாம்.

"இப்படியெல்லாம் விட்டுக்கொடுத்தால் தரம் என்ன ஆவது?" என்று சிலர் கேட்கக்கூடும். நாமும் உபாத்தியாயரே, தரத்தின் அருமை நமக்குத் தெரியாதது அன்று. ஆயினும் நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். நம் பள்ளிக் குருளைப் படையில் திக்குவாயுள்ள ஒரு சிறுவன் இருந்தான். வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான், பேசமாட்டான். ஒரு நாள் மாலை, செய்தி கொண்டு செல்லும் பயிற்சி நடந்தது. காதில் சொன்ன செய்தியை மனத்தில் வாங்கிக்கொண்டு, மைதானத்தின் மறு கோடியில் நிற்பவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவன் ஓடினான். சொல்லத் தொடங்கினான். முதற்சொல்லே நெடுநேரம் வரவில்லை. அவனுடைய அறுவர் குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கடைசியில் செய்தி முழுவதும் வந்து சேர்ந்தது. ஒரு சொல்கூடக் குறையவில்லை. மற்றவர்களுள் விரைவாகச் சொன்ன இருவர் ஊர்ப் பெயரையே மாற்றிச் சொல்லியிருந்தார்கள்!

அன்று அவனுக்குக் கிடைத்த சின்னம் சலுகையால் வந்ததா? இல்லை. மற்ற எல்லோரையும்விட அதிக உழைப்பைக் கொடுத்து வாங்கினான். 'முடிந்தமட்டும்' என்பது எளிய அளவுகோல் போலத் தோன்றும். உண்மையில் அதைவிடக் கடுமையான அளவுகோல் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை பாதி முயற்சியிலேயே முதல் மார்க்கு வாங்கிவிடலாம். ஆனால் தன் முழு முயற்சியைக் கொடுத்தோம் என்று அவனால் சொல்ல முடியுமா?

நம் நாட்டில்

இந்தியாவில் 1909இல் சாரணர் படை தோன்றியபோது, அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நம் காட்டின் கதை வேண்டும். நம் குழந்தைகள் வேண்டாம்! இந்த அவமதிப்பை நம் தலைவர்கள் வாய்மூடிச் சகித்துக்கொண்டிருக்கவில்லை. முதல் உலக யுத்த காலத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் கண்டார்கள். வடக்கே பண்டித மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் படையை வளர்த்தார்கள். பின்னர், 1921இல் பேடன் பவல் இங்கு வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது. சுதந்திரம் வந்த பின், 1950 நவம்பர் 7ஆந் தேதி பிரிந்திருந்த படைகள் ஒன்றாகி, 'பாரத சாரண சாரணியர் இயக்கம்' ஆயின. 1951 ஆகஸ்டு 15ஆந் தேதி பெண்களின் சங்கமும் அதனோடு சேர்ந்தது.

அந்த இயக்கத்தில் நம் குழந்தைகள் ஏறும் படிகளின் பெயர்கள் நம் காதுக்கு இனியவை. பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகள் குருளையர். அவர்களுக்கு முதலில் 'பிரவேஷ்', அதாவது நுழைவு. பிறகு பிரதம சரண், துவிதீய சரண், திருதீய சரண், சதுர்த்த சரண் என நான்கு நிலைகள். சரணம் என்றால் அடி. ஆகவே இவை நான்கு அடிகள். பெண் குழந்தைகள் புல்புல் என்னும் பறவையின் பெயர் பெற்றவர்கள். நம் பள்ளிகளில் 'நீலப்பறவையர்' என்று சொல்கிறோம். அவர்களுக்கு அடிக்குப் பதிலாகச் சிறகுகள்: மெல்லிய சிறகு, வெள்ளிச் சிறகு, பொற்சிறகு, வைரச் சிறகு. குருளை நடந்து முன்னேறுகிறது. பறவை சிறகு விரித்து முன்னேறுகிறது. எல்லாம் முடித்தவர்களுக்குத் 'தங்க அம்பு' விருது காத்திருக்கிறது. பத்து வயதுக்கு மேல் சாரணராகிய பின் சரணங்கள் போய்ச் 'சோபானங்கள்' வருகின்றன. சோபானம் என்றால் மாடிப்படி. முதலில் தரையில் அடி வைத்து நடக்கப் பழகு, பிறகு மாடிப்படி ஏறலாம் என்ற கருத்துப் பெயரிலேயே அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்க ஏணிக்கும் நம்முடையதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வகுப்பு மாறினால் படி மாறும். இங்கே வயது நுழைவாயிலையும் முடிவெல்லையையும் மட்டும் குறிக்கிறது. இடையிலுள்ள அடிகளைப் பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாக முடித்தே செல்ல வேண்டும். தாமதமாக வந்தவனுக்கு அந்த முறை தயவு காட்டுகிறது. இந்த முறை அடித்தளத்தை உறுதியாக்குகிறது. இரண்டிலும் நன்மை உண்டு. ஆனால் இங்கே, பின்னால் வந்த பிள்ளையை முன்னால் போனவனோடு ஒப்பிட்டுப் பேசும் சபலம் பெரியவர்களுக்கு அதிகம் ஏற்படும். அதில் நாம் விழிப்பாய் இருக்க வேண்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

எந்த நல்ல ஏற்பாட்டையும் கெடுக்க வழியுண்டு. சின்னம் என்றதும் சில வீடுகளில் பெரியவர்களுக்கே ஆசை வந்துவிடுகிறது. குழந்தை ஒட்ட வேண்டிய இலைகளைத் தந்தை ஒட்டுகிறார். குழந்தை தைக்க வேண்டிய பொத்தானைத் தாய் தைக்கிறாள். சின்னம் கிடைக்கிறது, ஆனால் குழந்தையின் கை பழகவில்லை. "பிற்காலத்தில் ஏதாவது சலுகைக்கு உதவும்" என்று சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைப்போரும் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையின் கோணல் தையலைவிடச் சிறந்த சான்றிதழ் எந்த அச்சகத்திலும் அச்சாவதில்லை.

இதனினும் கவலைக்குரியது ஒன்று உண்டு. பிள்ளையைப் பிறர் பொறுப்பில் விடும்போது கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில், சிறு வயதில் பொறுப்பாளர்களால் தகாத முறையில் நடத்தப்பட்டதாகப் பற்பல ஆண்டுகளுக்குப் பின் வழக்குகள் எழுந்து, 2020இல் அந்தச் சபை திவால் மனுக் கொடுக்க நேர்ந்தது. முறையிட்டவர்கள் 80,000 பேருக்கு மேல். ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் தனித்திருக்கலாகாது, எப்பொழுதும் இரண்டு பெரியவர்களாவது உடனிருக்க வேண்டும் என்பது அங்கே இன்று கண்டிப்பான விதி. ஒவ்வொரு படியிலும் தற்காப்புப் பாடம் கட்டாயமாக இருக்கிறது. நம் ஊர்ப் படையிலும் அப்படி நடக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டால் கோபிக்கும் பொறுப்பாளரிடம் குழந்தையை அனுப்பாமலிருப்பது பெற்றோரின் கடமை.

குருளையர் படை இல்லாத ஊரிலும் இந்தப் படிகளை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதில் தன் தட்டைத் தானே கழுவி வைக்கட்டும். கூட நின்று சொல்லிக் கொடுங்கள். ஏழு வயதில் கடைக்குப் போய் உப்பு வாங்கி மீதிக் காசைக் கணக்குச் சொல்லட்டும். நீங்கள் தெருமுனையில் நில்லுங்கள். பத்து வயதில் பாட்டிக்கு ஒரு வேளை மருந்தை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கட்டும். நீங்கள் அடுத்த அறையில் இருந்தால் போதும். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியது, "எத்தனையாவது வந்தாய்?" என்பது அன்று, "உன்னால் முடிந்தமட்டும் செய்தாயா?" என்பதே.

அந்தக் கேள்விக்குக் குழந்தை பொய் சொல்லாது. தலை நிமிர்ந்து "ஆம்" என்று அது சொன்னால், அன்றைக்கு அது ஒரு படி ஏறிவிட்டது என்று நிச்சயமாக எண்ணிக்கொள்ளலாம்.